வாசலுக்கு வந்த ஆபாக்கள்

முஸ்லிம் நாடுகளின் மக்கள்தொகையைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது மார்க்கத்தில் தொடங்கி மார்க்கத்திலேயே முடிந்துவிடுகிறது. "அவர்கள் மதம் அப்படி" என்று ஒரு தரப்பு சொல்லும். "இறைவன் கொடுப்பதைத் தடுக்க நாம் யார்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எதிரெதிர் முனைகளிலிருந்து வரும் இந்த இரண்டு பேச்சுகளும், ஒரு தாய் எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதை வேதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. அந்த நம்பிக்கை என் மனத்தில் ஒட்டாமல் போனதற்கு ஒரு படிவம் காரணம்.

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், தொழிலாளர்களின் காப்பீட்டுக்கான வாரிசு நியமனப் படிவங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பாக இருந்தது. மனைவியின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்களுக்கென ஐந்து வரிகள் இருக்கும். கிடங்குப் பொறுப்பாளர் வங்கதேசத்தின் குமில்லாவைச் சேர்ந்தவர். இரண்டு வரிகளை நிரப்பிவிட்டு மீதி மூன்றையும் குறுக்குக் கோடிட்டு அடித்திருந்தார். பாகிஸ்தானின் முசாஃபர்கர் பக்கத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர், வரிகள் போதாமல் தனித் தாள் ஒன்றில் மற்றப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் படிவத்தோடு பின் குத்திக் கொண்டுவந்தார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே சம்பளப் படி. இருவரும் ஐந்து வேளையும் தொழுகிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். தேநீர் இடைவேளையில் குமில்லாக்காரரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். தன் தாய் எட்டுப் பிள்ளைகள் பெற்றதாகவும் அதில் பிழைத்தவர்கள் ஐந்து பேர் என்றும் சொன்னார். தன் மனைவிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஆபா வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்துவிட்டார் என்றார். ஆபா என்று அவர்கள் அக்காவைச் சொல்வார்கள். அவர் சொன்னது அரசின் குடும்ப நல ஊழியரை. அருகில் அமர்ந்திருந்த ஓட்டுநர் அதைக் கேட்டுவிட்டு, "எங்கள் பக்கம் அப்படி யாரும் வந்ததே இல்லை, சாப்" என்றார். அவர் குரலில் மறுப்போ சமாதானமோ இல்லை; அவருக்கு அது செய்தியாக இருந்தது.

அந்தப் பதில் நெடுநாள் என்னை விடவில்லை. அதன் பின்னால் போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே நாடாக இருந்தபோது

1961-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானில் சுமார் 5.08 கோடிப் பேரும் மேற்குப் பாகிஸ்தானில் சுமார் 4.29 கோடிப் பேரும் இருந்தார்கள். கிழக்கின் இந்தப் பெரும்பான்மைதான் அந்த நாட்டின் அரசியலை ஆட்டிப் படைத்தது. மேற்கின் மாகாணங்கள் அனைத்தையும் ஒரே அலகாகக் கட்டி, இரு பகுதிகளுக்கும் சம இடங்கள் என்று ஏற்பாடு செய்ததே வங்காளிகளின் தலைக்கணக்கை ஈடுகட்டத்தான். 1970 தேர்தலில் தலைக்கணக்கின்படி இடங்கள் ஒதுக்கப்பட்டபோது 300 பொது இடங்களில் 162 கிழக்குக்குப் போயின. அதில் 160-ஐ அவாமி லீக் வென்றது. அதற்குப் பின் 1971-இல் போர் வந்து கிழக்கு வங்கதேசமாகப் பிரிந்தது எல்லோருக்கும் தெரியும்.

2022 கணக்கெடுப்பின்படி வங்கதேசத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 17 கோடி. 2023 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தானின் மக்கள்தொகை 24 கோடியைத் தாண்டிவிட்டது. பிரிந்தபோது சிறியதாக இருந்த பகுதி, அரை நூற்றாண்டில் பெரியதைவிட ஏழு கோடி அதிகமாகிவிட்டது. 1971-இல் பிரிந்தபோது இரு பக்கத்துப் பெண்களும் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தார்கள். வங்கதேசத்தில் அந்தச் சராசரி 2011-இல் 2.3-க்கு வந்தது, 2022 ஆய்விலும் அதே அளவில்தான் நின்றது. பாகிஸ்தானில் 2017-18-இல் எடுத்த ஆய்வில்கூட அது 3.6. தொடக்கத்தில் வங்கதேசத்தின் நிலை எந்த வகையிலும் மேலானதாக இல்லை. 1970 நவம்பரின் போலா புயல், 1971-இன் போர், 1974-இன் பஞ்சம் என்று அடுத்தடுத்து அடிபட்ட நாடு அது. வளர்ச்சி வந்தால் பிள்ளைப்பேறு தானாகக் குறையும் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. அப்போது வருமானத்தில் முன்னால் நின்றது பாகிஸ்தான்தான்.

மார்க்கம்தான் காரணம் என்றால், ஒரே மார்க்கத்தையும் ஒரே ஹனஃபி சட்ட மரபையும் பின்பற்றி, 24 ஆண்டுகள் ஒரே அரசின் கீழ் இருந்த இரு சமூகங்கள் ஏன் இப்படிப் பிரிந்து போக வேண்டும்? வங்கதேசத்துக்குள்ளேயேகூட இதைப் பார்க்கலாம். 2014 ஆய்வில் குல்னாவிலும் ரங்பூரிலும் சராசரி 1.9, சில்ஹெட்டில் 2.9. மூன்றுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள். நூல்களுக்குள் போனாலும் ஒற்றைப் பதில் கிடைப்பதில்லை. நபியின் காலத்தில் அஸ்ல் என்னும், விந்தை வெளியே விட்டுக் கருவைத் தவிர்க்கும் முறை வழக்கத்தில் இருந்ததாக ஹதீஸ்கள் சொல்கின்றன. இமாம் கஸ்ஸாலி அதை அனுமதித்திருக்கிறார். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் தலைமை ஷேக் மஹ்மூத் ஷல்தூத் 1959-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இசைவான தீர்ப்பு அளித்தார். ஜமாஅத்-எ-இஸ்லாமி இயக்கத்தை நிறுவிய மௌதூதியோ அதைக் கடுமையாக எதிர்த்தார். ஈரானில் ஒரே மதகுருமார் ஆட்சி 1989-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து, உலகமே வியக்கும் வேகத்தில் பிறப்பு விகிதம் சரிவதைக் கண்டது. பிறகு அதே ஆட்சி 2021-இல் அரசுச் சுகாதார நிலையங்கள் இலவசக் கருத்தடைச் சாதனங்கள் வழங்குவதைத் தடுக்கச் சட்டம் செய்தது. வேதம் மாறவில்லை, அரசின் தேவை மாறியது. ஈரானியப் பெண்கள் இரண்டாவது கட்டளைக்கு முதலாவதைப் போல் இசைந்து கொடுக்கவில்லை என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது.

மத்லப்

நான் இவ்வளவு சுற்றி வந்தது மத்லப் என்னும் ஊரைப் பற்றிப் பேசத்தான். டாக்காவுக்குத் தென்கிழக்கே, சாந்த்பூர் மாவட்டத்தில், ஆறுகளும் வாய்க்கால்களும் குறுக்கிட்டு ஓடும் தாழ்நிலப் பகுதி அது. மழைக்காலத்தில் வீடுகள் தீவுகளாகிவிடும். அடுத்த வீட்டுக்குப் போகவும் படகு வேண்டும். காலரா ஆய்வுக்காக 1960-களில் அங்கே ஒரு கள நிலையம் அமைத்தார்கள். இன்று ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்று அறியப்படும் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்கு உரியது அது. அங்கே 1966 முதல் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் திருமணமும் இடப்பெயர்வும் வீடு வீடாகப் பதிவாகின்றன. ஏழை நாட்டு ஊர்ப்புறம் ஒன்றில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்படி விடாமல் பதிவு நடந்த இடங்கள் உலகில் மிகச் சிலவே.

1975-இல் அங்கே முதல் முயற்சி நடந்தது. கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுக்கப் போனவர்கள் ஊரிலேயே இருந்த வயதான பெண்கள். பெரும்பாலும் விதவைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பர்தா மரபுள்ள ஊரில் தடையில்லாமல் வெளியே நடமாடக்கூடியவர்கள் அவர்கள்தான் என்று நினைத்து எடுத்த முடிவு அது. முதல் சில மாதங்கள் மாத்திரை வாங்கியோர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது, பிறகு சரிந்தது. தலைசுற்றல், குமட்டல், இடையிடையே உதிரப்போக்கு என்று பெண்கள் சொன்னபோது பதில் சொல்ல அந்த மூதாட்டிகளுக்குத் தெரியவில்லை. ஒரே வகை மாத்திரையைத் தவிரக் கொடுக்க வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. தாமே ஒருநாளும் அதைச் சாப்பிட்டறியாத பெண் ஒருத்தி அதைச் சாப்பிடச் சொன்னால் மற்றவர்கள் எதை நம்பிச் சாப்பிடுவார்கள்?

1977 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். இந்தச் சிறிய மாற்றத்தில்தான் பின்னால் ஒரு நாட்டின் வரலாறே திரும்பியது என்று நான் நினைக்கிறேன். அந்தந்த ஊர்களைச் சேர்ந்த 80 பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் இளம் வயதினர், திருமணமானவர்கள், ஓரளவு பள்ளிப் படிப்புள்ளவர்கள், தாங்களே கருத்தடை முறை ஒன்றைப் பயன்படுத்துகிறவர்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஏறத்தாழ 200 வீடுகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி, அதுவும் வேண்டாமென்றால் வேறொன்று என்று தேர்ந்துகொள்ளப் பல வழிகள் இருந்தன. ஊசியை வீட்டிலேயே போட்டார்கள். பக்கவிளைவு என்றால் அங்கேயே மருந்து கொடுத்தார்கள். முடியாததற்கு மேலே இருந்த மருத்துவ உதவியாளரிடம் அனுப்பினார்கள். பாதிக்கு நெருக்கமான ஊர்களில் மட்டும் இதைச் செய்து, மற்ற ஊர்களை ஒப்பீட்டுக்காக அரசின் வழக்கமான சேவையோடு விட்டுவைத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள், இந்த ஊர்களில் கருத்தடை முறைகளைப் பயன்படுத்திய தம்பதியர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். ஒப்பீட்டு ஊர்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மார்க்கம், பயிர், ஆறு, வறுமை எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். வாசலுக்கு வந்து போன பெண் மட்டும்தான் வேறுபாடு. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்த ஆய்வுகள், இந்த ஊர்களின் பெண்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு பிள்ளை குறைவாகப் பெற்றிருந்ததையும், அவர்கள் உடல்நலம் மேம்பட்டிருந்ததையும் காட்டின.

இந்தப் பெண்களோடு கூடவே நடந்து போய், அவர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இடையில் நடந்த உரையாடல்களைப் பதிவு செய்த ரூத் சிம்மன்ஸ் போன்ற ஆய்வாளர்கள், சாதனங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் காட்டிலும் பெரிய வேலை ஒன்றை அவர்கள் செய்தார்கள் என்று சொன்னார்கள். மாமியாரிடம் பேசுவது, கணவனின் தயக்கத்தைத் தீர்ப்பது, பாவமாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு ஆறுதல் சொல்வது எல்லாம் அந்த வாசல் பேச்சில் நடந்தன. நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரின் நடையையும் அவர் கையிலிருக்கும் தம்பதியர் பதிவேட்டையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பெண் வாசற்படி தாண்டினாலே பேச்சாகும் ஊரில், பையும் குடையுமாக ஆண்கள் நிற்கும் கடைத்தெரு வழியே பட்டப்பகலில் நடந்து போன முதல் பெண்கள் அவர்கள். முதல் நாட்களில் ஏச்சு வாங்கினார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்து வைத்திருக்கிறவர்கள் என்று தெரிந்த பிறகு, அதே ஊர் அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தது. வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு, அந்த நடையைப் பார்த்ததும் ஒரு சேதியாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வங்கதேச அரசு மத்லப்பை அப்படியே நகலெடுக்கவில்லை; எடுக்கப் பணமும் இல்லை. ஆனால் ஊருக்குள்ளேயே இருந்து பெண்களை எடுத்து, வீட்டுக்கே அனுப்பும் கொள்கையை எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் சுமார் 23,000 குடும்ப நல உதவியாளர்கள் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. இமாம்களுக்கான பயிற்சியிலும் குடும்ப நலத்தைச் சேர்த்தார்கள். 1975-இல் நூற்றுக்கு எட்டாக இருந்த கருத்தடைப் பயன்பாடு 2014-இல் 62 ஆயிற்று.

இதில் கறையும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. 1980-களில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் பெண்ணுக்குச் சேலையும் ஆணுக்கு லுங்கியும் கூடவே பணமும் கொடுத்தார்கள். பசித்திருப்பவரிடம் நீட்டும் சேலையையும் காசையும் ஊக்கத்தொகை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவசரநிலைக் கால இந்தியாவை அறிந்தவர்களுக்கு இதன் கசப்பு தெரியும்.

உப்பும் வெல்லமும்

பிறக்கும் பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இல்லாத தாயிடம் இரண்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. வங்கதேசம் இந்த உறுதியைக் கொடுத்த முறை எளிமையானது. பிராக் என்னும் வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980-இலிருந்து பத்தாண்டுகளில் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, வயிற்றுப்போக்குக்கான கரைசலைத் தாய்மார்களே செய்யக் கற்றுக் கொடுத்தது: அரை சேர் தண்ணீர், ஒரு பிடி வெல்லம், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு. கற்பித்துவிட்டு வந்த பின் வேறொருவர் போய்த் தாயிடம் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் கற்பித்தவருக்கு ஊதியம். சொன்னோம் என்பதற்குக் கூலி இல்லை. தாயின் கைக்கு வித்தை வந்திருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 133 என்றிருந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இறப்பு 2022-இல் 31-ஆகக் குறைந்தது. தடுப்பூசிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பாகிஸ்தானில் 2017-18-இல் அது 74. ஓட்டுநரின் தனித் தாளை நான் இந்த எண்ணோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

பாகிஸ்தான் முயலாமல் இல்லை. அயூப் கான் காலத்தில், 1965-இல், பெரிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. ஊர் மருத்துவச்சிகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கருப்பைச் சாதனம் பொருத்தும் எண்ணிக்கையை ஏற்றப் பார்த்தார்கள். அவர் வீழ்ந்ததும் திட்டமும் அவர் பெயரோடு சேர்ந்து வெறுக்கப்பட்டது. ஜியா-உல்-ஹக் காலத்தில் அது ஓரங்கட்டப்பட்டது. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்கள் திட்டம் பேநசீர் பூட்டோ ஆட்சியில் 1994-இல்தான் வந்தது. இதற்கிடையில் பாகிஸ்தானியப் பெண்கள் நிறையப் பிள்ளைகளை விரும்பிப் பெற்றார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012-இல் மட்டும் அங்கே 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் நடந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை மறைவாக நடந்தவை. பாதுகாப்பற்ற அறையில் உயிரைப் பணயம் வைக்கும் பெண், அந்தப் பிள்ளை வேண்டாம் என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வாள்?

பிறகு பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. பாகிஸ்தானின் ஏழாவது நிதிப் பகிர்வு ஏற்பாட்டில் மாகாணங்களுக்கான பங்கு 82 விழுக்காடு தலைக்கணக்கின்படிதான் தீர்மானிக்கப்படுகிறது. நாடாளுமன்ற இடங்களும் அப்படியே. பிறப்பு விகிதத்தைக் குறைக்கும் மாகாணம் தன் பங்கையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தொகுதி மறுவரையறையைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்று நடக்கும் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

எண் குறைந்த பிறகு

சமூகத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு வருகிறேன். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மத்லப் இருக்கும் அதே சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தியில் 1982-இல் சோதனையாகத் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், 1994-இல் நாட்டின் ஊர்ப்புறம் முழுவதற்கும் விரிந்தது. 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், திருமணமாகாமல் இருத்தல் என்று மூன்று நிபந்தனைகள். சில ஆண்டுகளிலேயே உயர்நிலைப் பள்ளிகளில் மாணவியர் எண்ணிக்கை மாணவர்களைத் தாண்டியது. ஆயத்த ஆடைத் தொழில் இலட்சக்கணக்கான இளம்பெண்களைச் சம்பளக்காரர்களாக்கியது; ஆலைகளுக்கு அருகிலுள்ள ஊர்களில் பெண்கள் திருமணத்தையும் முதல் பேற்றையும் தள்ளிப்போடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்தக் கதையின் பகுதிதான். இன்னொரு மாற்றத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இந்தியாவின் சில மாநிலங்களில் குடும்பம் சிறுத்தபோது, ஆண் பிள்ளைக்காகப் பெண் கருவை அழிக்கும் கொடுமை வளர்ந்தது. வங்கதேசத்தில் அது நடக்கவில்லை. பிறப்பில் ஆண்-பெண் விகிதம் இயல்பாகவே இருந்தது. மகன்தான் வேண்டும் என்ற பிடி அங்கே தளர்ந்துவருவதை ஆய்வாளர் நைலா கபீர் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த நாட்டின் மீது மதிப்பு கூடியதற்கு வேறெந்த எண்ணையும்விட இதுவே காரணம்.

இத்தனைக்கும் நடுவில், இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் வங்கதேசப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர்கள். பதினாறில் திருமணம், இருபதுக்குள் முதல் பிள்ளை, அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது, அதோடு நிறுத்தம். சராசரி 2.3 என்ற அழகான எண்ணுக்குள் இந்த வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. எத்தனை பிள்ளை என்பதில் பெண்ணின் சொல்லுக்கு இடம் கிடைத்தது. எப்போது, யாரோடு வாழ்க்கையைத் தொடங்குவது என்பதில் கிடைக்கவில்லை. 2017-இல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், சிறப்புச் சூழ்நிலைகளில் நீதிமன்ற அனுமதியோடு 18-க்குக் கீழும் மணம் செய்யலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. மத்லப் முறை, திருமணமான பெண்ணைத் தேடித்தான் வீட்டுக்குப் போனது. மணமாகாத பெண் எந்த ஆபாவின் பதிவேட்டிலும் இல்லை. அரசு பிறப்பைக் குறைக்க விரும்பியது, குறைத்தது. அதற்கு மேல் தேவைப்பட்டதைச் செய்யும் அவசரம் அதற்கு இருக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

எதிர்ப்பும் வலுத்தது. 2013-இல் மதரஸாக்களைச் சார்ந்த ஹெஃபாசத்-எ-இஸ்லாம் அமைப்பு முன்வைத்த 13 கோரிக்கைகளில் ஆணும் பெண்ணும் பொதுவெளியில் கலந்து பழகுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. பெண்கள் நான்காம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தால் போதும் என்று அதன் தலைவர் ஷா அஹ்மத் ஷஃபி பேசியது அப்போது பெரும் சர்ச்சையாயிற்று. இந்தக் கோபத்தைப் பழைய காலத்தின் எச்சம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைக்குள் பெண்கள் கடைத்தெருவுக்கும் ஆலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்துவிட்ட மாற்றத்துக்கு எழுந்த எதிர்வினை அது. மாற்றம் இவ்வளவு ஆழமாக நடந்திராவிட்டால் அந்தக் கோபத்துக்கும் இவ்வளவு வேகம் இருந்திருக்காது.

எட்டுப் பேரை வளர்த்த வீடு இரண்டு பேரை வளர்க்கும்போது, அந்த இருவரின் படிப்பில் தன் நிலத்தையும் நகையையும் சேமிப்பையும் கொட்டுகிறது. படித்துவிட்டு வந்தவர்களுக்கு வேலை இல்லை என்றால் அந்தக் கசப்பு முழுக் குடும்பத்தின் கசப்பாகிவிடும். 2024 ஜூலையில் டாக்காவின் தெருக்களில் வெடித்தது அரசு வேலை இட ஒதுக்கீட்டுப் பிரச்சினை. சில ஆயிரம் இடங்களுக்கு இலட்சக்கணக்கானோர் தேர்வு எழுதும் நாட்டில், முப்பது விழுக்காடு விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு என்பது அந்த இளைஞர்களால் தாங்க முடியாததாக இருந்தது. ஜூலை 16 அன்று ரங்பூரில் கைகளை விரித்து நின்ற மாணவர் அபூ சயீத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். எழுச்சிக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆனால் தெருவில் நின்றவர்கள் பிறந்தது, பிறப்பு விகிதம் சரிந்துவிட்ட பின்னான ஆண்டுகளில். ஆண்களோடு பெண்களும் விடுதிகளிலிருந்து நள்ளிரவில் இறங்கி வந்தது அந்தச் சரிவு உண்டாக்கிய சமூகத்தில்தான்.

மகள்கள் மட்டும் உள்ள வீடுகள்

இனி வரப்போகும் மாற்றங்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது சொத்து. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மகள்கள் மட்டுமே இருப்பார்கள். இது எளிய கணக்கு. ஆறு ஏழு பிள்ளைகள் பிறந்த காலத்தில் மகன் இல்லாத வீடு அரிது. சுன்னி வாரிசுரிமைப்படி, தந்தை இறந்து மகள்கள் மட்டும் இருந்தால் இருவருக்குமாக மூன்றில் இரண்டு பங்கு; ஒரே மகள் என்றால் பாதி. எஞ்சியதில் தாய் போன்றோரின் பங்கு போக, மீதி தந்தையின் சகோதரர்கள் போன்ற ஆண்வழி உறவினருக்குப் போகும். குடும்பம் முழுவதையும் அந்தச் சகோதரர்களே காத்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று சித்தப்பா துபாயில் இருக்கிறார். மகள் ஆலையில் வேலை செய்து பெற்றோருக்கு மருந்து வாங்கித் தருகிறாள். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2013-இல் வந்த சட்டம் மகனையும் மகளையும் ஒன்றாகவே கட்டுகிறது. பங்கு மட்டும் ஒன்றாக இல்லை.

ஊர்களில் மக்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி ஹிபா. உயிரோடு இருக்கும்போதே நிலத்தை மகள்களுக்குக் கொடையாக எழுதிவிடுவது. நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களிலும் இது உண்டு. நெருங்கிய உறவுகளுக்குள் எழுதும் ஹிபா பத்திரத்துக்கு வெறும் 100 டாக்கா பதிவுக் கட்டணம் என்று வங்கதேசம் 2000-களில் சட்டம் திருத்தியது. மார்க்க அறிஞர்கள் இதை மறுப்பதில்லை, ஏனென்றால் ஷரீஅத்துக்குள்ளேயே உள்ள வழி இது. சம உரிமை கேட்டுப் பெண்கள் சீர்திருத்த ஆணையம் 2025-இல் பரிந்துரைகள் அளித்தபோது, அந்த ஆணையத்தையே கலைக்க வேண்டும் என்று டாக்காவில் பெரும் கூட்டம் திரண்டது. ஒருபக்கம் அந்த வாதம் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க, தகப்பன்மார்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஹிபாவுக்கு முன்யோசனை வேண்டும், நிலம் வேண்டும், எழுதும் வரை ஆயுள் வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும்போதே நாற்பது வயதில் மாரடைப்பில் போகிறவர்களுக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. உடல் ஊருக்கு வந்து சேர்ந்து, நாற்பதாம் நாள் முடிவதற்குள் பங்கு கேட்டு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இரண்டு மகள்களோடு நிறுத்திக்கொள்ளும்படி அந்தத் தாயிடம் வாசலுக்கு வந்து சொன்ன அரசு, மகள்கள் இருந்தால் போதும் என்று சொல்லும் வாரிசுச் சட்டத்தை இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கடன் அதற்குப் பாக்கி இருக்கிறது.